குழிப்பந்தாட்ட மட்டை வணிகப்பெயர்களின் நன்மதிப்பு

குழிப்பந்தாட்ட மட்டை வணிகப்பெயர்களின் நன்மதிப்பு என்பது, கோல்ஃப் என்றும் வழங்கப்படும் குழிப்பந்தாட்டத்தை ஆடுவோர், மட்டைகளைச் செய்து விற்கும் நிறுவனங்களின் தரத்தைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தைக் குறிக்கும். இவ்வெண்ணம் மட்டையின் அளக்கத்தக்க பண்புகளை மட்டும் சார்ந்ததன்று. பந்தைத் தாக்கும்போது எழும் ஒலி, கையில் உணரப்படும் அதிர்வு, புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் வெற்றிகள், விலை, விளம்பரம், உடன் ஆடுவோரின் பேச்சு ஆகிய பலவும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன.

விதிகளின்படி ஆட்டக்காரர் ஒருவர் ஒரு சுற்றில் 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது. பொழுதுபோக்காக ஆடும் ஒருவருக்கு இந்த மட்டைகளுக்கான செலவு பெருந்தொகையாகும். ஆனால் வாங்குமுன் அவற்றின் தரத்தை அவரால் முழுமையாக அறிந்துகொள்ள இயலுவதில்லை. இதனால் மட்டையில் பொறிக்கப்பட்டுள்ள பெயரே பெரும்பாலும் தரத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அப்பெயருக்காகத் தரப்படும் கூடுதல் விலை எந்த அளவுக்குத் தகும் என்பது நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் கேள்வியாகும்.

தரமும் உணர்தரமும்

குழிப்பந்தாட்ட மட்டை ஒன்று தலை, தண்டு, பிடி என்னும் மூன்று பகுதிகளைக் கொண்டது. நெடுந்தொலைவு அடிக்க டிரைவர் முதலிய மர மட்டைகளும், இடைப்பட்ட தொலைவுகளுக்கு இரும்பு மட்டைகளும், குழிக்கு அருகிலும் மணற்குழிகளிலும் இருந்து பந்தைத் தூக்கி அடிக்க வெட்ஜ் வகை மட்டைகளும், பந்தைத் தரையில் உருட்டிக் குழிக்குள் வீழ்த்தப் பட்டர் எனப்படும் உருட்டு மட்டையும் பயன்படுகின்றன. மர மட்டைகள் இன்று உலோகத்தாலோ கரியிழையாலோ செய்யப்பட்டாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு மட்டையின் தரத்தைப் பின்வரும் பண்புகளைக் கொண்டு அளக்கலாம்.

* தலையின் எடையும் அதன் ஈர்ப்பு மையம் அமைந்துள்ள இடமும்
* முகப்பின் சாய்வுக் கோணம்
* நிலைமத் திருப்புத்திறன், அதாவது முகப்பின் நடுப்புள்ளி தவறிப் பந்து பட்டாலும் தலை திருகிக்கொள்ளாமல் நிற்கும் தன்மை
* தண்டின் எடையும் வளையும் தன்மையும்
* உற்பத்தித் துல்லியம், அதாவது ஒரே வகை மட்டைகள் ஒன்றுக்கொன்று வேறுபடாமல் இருத்தல்

இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்ட உற்பத்தித் துல்லியமே தரம் என்னும் சொல்லின் நேர்ப்பொருளுக்கு மிக நெருக்கமானது. ஆயினும் கடையில் நிற்கும் வாடிக்கையாளர் கண்ணால் காண முடியாத பண்பும் அதுவே. முகப்பின் சாய்வு ஒரு பாகை மாறியிருந்தால் அதை அறியக் கருவி தேவை.

மேலும், பொழுதுபோக்கு ஆட்டக்காரரின் வீச்சு அடிக்கு அடி மாறுபடும். ஒரே மட்டையால் அடுத்தடுத்து அடிக்கப்படும் இரண்டு பந்துகள் விழும் இடங்களுக்கு இடையிலான வேறுபாடு, இரண்டு நல்ல நிறுவனங்களின் மட்டைகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பன்மடங்கு பெரிதாக இருப்பது வழக்கம். எனவே தமது சொந்த ஆட்டத்தைக் கொண்டு மட்டையின் தரத்தைக் கணிக்க முயல்பவர், பெரும்பாலும் தமது வீச்சின் ஏற்றத்தாழ்வையே அளக்கிறார். இந்த இடைவெளியையே வணிகப்பெயரின் நன்மதிப்பு நிரப்புகிறது. இவ்வாறு ஆட்டக்காரர் மனத்தில் உருவாகும் தரத்தை உணர்தரம் எனலாம்.

வரலாறு

கைவினைஞர் காலம்

மட்டைகளில் செய்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் ஸ்காட்லாந்தில் வேரூன்றியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரைச் சேர்ந்த ஹியூ பில்ப் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிகச் சிறந்த மட்டைக் கைவினைஞராகப் போற்றப்பட்டார். அவருடைய உருட்டு மட்டைகள் அவர் 1856 இல் இறந்த பின்னரும் பெரிதும் விரும்பப்பட்டன. அவரது முத்திரையிட்ட போலிகளும் தோன்றின. அவருக்குப் பின் பட்டறையை நடத்திய ராபர்ட் ஃபோர்கன், வேல்சு இளவரசருக்கு மட்டை செய்பவராக அமர்த்தப்பட்டார். இளவரசரின் இறகுச் சின்னத்தைத் தம் மட்டைகளில் பொறித்து விற்றார்.

இரும்பு மட்டைகளைச் செய்த கொல்லர்கள் எழுத்துக்குப் பதில் சிறு உருவங்களை முத்திரையாகப் பயன்படுத்தினர். செயின்ட் ஆண்ட்ரூஸின் டாம் ஸ்டூவர்ட் புகைக்குழாய் முத்திரையையும், லெவன் ஊரின் ஜார்ஜ் நிக்கல் கை முத்திரையையும் கொண்டிருந்தனர். செய்தவரைக் கொண்டு மட்டையை மதிக்கும் வழக்கத்தை இம்முத்திரைகள் உறுதிப்படுத்தின.

தொழிற்சாலைக் காலம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டை உற்பத்தியின் மையம் ஐக்கிய அமெரிக்காவுக்கு நகர்ந்தது. எஃகுத் தண்டுகளை அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1924 இலும், செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்டு ஏ அமைப்பு 1929 இலும் ஏற்றுக்கொண்டன. மரத்தண்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைபவை. எஃகுத் தண்டுகளோ சீரானவை. எனவே ஒத்த பண்புகளைக் கொண்ட மட்டைகளை முழுத் தொகுதியாகச் செய்து விற்பது எளிதாயிற்று. கைவினைஞரின் கைத்திறனைவிட நிறுவனத்தின் பெயர் முதன்மை பெற்றது.

1930 இல் ஓய்வு பெற்ற பாபி ஜோன்சின் பெயரைத் தாங்கிய மட்டைகளை ஸ்பால்டிங் நிறுவனம் 1930களில் விற்பனைக்குக் கொணர்ந்தது. மணற்குழியிலிருந்து அடிப்பதற்கான வெட்ஜ் மட்டையை ஜீன் சாரசன் உருவாக்க, அதனை வில்சன் நிறுவனம் பரவலாக்கியது. ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் தோன்றிய மக்கிரெகர் நிறுவனம் மரத்தலை மட்டைகளுக்குப் பெயர் பெற்றது.

நன்மதிப்பைக் காக்க ஒருவர் எவ்வளவு இழக்க முன்வரலாம் என்பதற்குப் பென் ஹோகனின் செயல் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. 1953 இல் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் தம் பெயரில் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், முதலில் உருவான மட்டைகள் தாம் விரும்பிய தரத்தில் அமையவில்லை என்று கூறி அவற்றை விற்பனைக்கு விடாமல் அழிக்கச் செய்தார். முதலீட்டாளர்கள் சிலர் விலகினர். ஆயினும் அந்நிகழ்ச்சியே பின்னர் நிறுவனத்தின் தரத்துக்குச் சான்றாகப் பல தலைமுறைகளாகப் பேசப்பட்டது.

பொறியாளர் காலம்

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கார்ஸ்டன் சோல்ஹைம், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். 1959 இல் அவர் செய்த உருட்டு மட்டை பந்தைத் தாக்கும்போது 'பிங்' என்று ஒலித்தது. அவ்வொலியே வணிகப்பெயராயிற்று. தலையின் எடையை நடுவில் குவிக்காமல் இரு ஓரங்களுக்கும் பகிர்ந்தால், நடுப்புள்ளி தவறினாலும் மட்டை அதிகம் திருகாது என்பது அவரது கருத்து. 1966 இல் வெளிவந்த ஆன்சர் உருட்டு மட்டையும் 1982 இல் வெளிவந்த ஐ-2 இரும்பு மட்டைகளும் இக்கருத்தின் விளைவுகளாகும். ஐ-2 மட்டைகளை அழகற்றவை என்று பலர் முதலில் ஒதுக்கினர். ஆயினும் அவை மிகுதியாக விற்பனையான இரும்பு மட்டைத் தொகுதிகளுள் ஒன்றாயின. தோற்றத்தால் வந்த தாழ்ந்த மதிப்பைப் பயன் மாற்றியமைத்ததற்கு இது சிறந்த சான்றாகும்.

1979 இல் கேரி ஆடம்ஸ் டெய்லர்மேடு நிறுவனத்தைத் தொடங்கி, துருப்பிடிக்கா எஃகால் ஆன டிரைவர்களை விற்றார். மரத்தலையே உயர்ந்தது என்று நம்பியோரின் எதிர்ப்பை அது சந்தித்தது. 1981 இல் ரான் ஸ்ட்ரெக் உலோகத் தலை டிரைவருடன் ஹூஸ்டன் ஓப்பன் போட்டியை வென்றார். அடுத்த சில ஆண்டுகளில் மரத்தலைகள் மறையத் தொடங்கின.

நெசவுத்துறையிலும் திராட்சை மதுத் தயாரிப்பிலும் முன்னரே வெற்றி கண்டிருந்த ஈலி காலவே, 1982 இல் இத்துறையில் நுழைந்தார். போட்டியாளரின் பொருளினும் மேலானது என மெய்ப்பிக்கத்தக்கதாகவும், இனிமையான வகையில் வேறுபட்டதாகவும் தம் பொருள் இருக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. முதல் உலகப்போர்க்கால ஜெர்மானியப் பீரங்கியின் பெயரைத் தாங்கி 1991 இல் வெளிவந்த பிக் பெர்த்தா டிரைவரின் தலை 190 கன செண்டிமீட்டர் கொள்ளளவு கொண்டது. அக்காலத்தில் அது பெரிய தலையாகும். டைட்டானியத்தால் ஆன கிரேட் பிக் பெர்த்தா 1995 இல் ஏறத்தாழ 500 டாலர் விலையில் விற்கப்பட்டது. டிரைவர் ஒன்றுக்கு இவ்வளவு விலை கொடுக்கப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் முன்வருவர் என்பதை அது காட்டியது.

நன்மதிப்பை உருவாக்கும் காரணிகள்

ஒலியும் உணர்வும்

மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லி நொடியே. கையில் தோன்றும் அதிர்வு மூளையை எட்டுமுன் பந்து மட்டையை விட்டு நீங்கிவிடும். எனவே உணர்வு என்று ஆட்டக்காரர் கூறுவது அடிக்கும் செயலைப் பற்றியதன்று. அடித்து முடிந்த பின் கிடைக்கும் செய்தியைப் பற்றியது. அச்செய்தியில் ஒலிக்குப் பெரும்பங்கு உண்டு. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்ட ஆய்வு, தாக்கும் ஒலியைப் பற்றிய ஆட்டக்காரரின் கருத்துக்கும் அவர் கூறும் உணர்வுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

நைக்கி நிறுவனம் 2007 இல் வெளியிட்ட சதுரத் தலை டிரைவர் இதற்கு எதிர்மறை எடுத்துக்காட்டாகும். நிலைமத் திருப்புத்திறனில் சிறந்து விளங்கிய போதிலும், தகர டப்பாவைத் தட்டியது போன்ற அதன் ஒலி பலரது கேலிக்கு உள்ளாயிற்று. இக்காலத்தில் பெரிய நிறுவனங்கள் தலையின் உட்புறத்தில் விலா எலும்பு போன்ற தாங்கிகளை அமைத்து ஒலியைத் திட்டமிட்டே வடிவமைக்கின்றன.

அடித்துருவாக்கலும் வார்ப்பும்

இரும்பு மட்டைத் தலைகள் இரு முறைகளில் செய்யப்படுகின்றன. ஒன்று, பழுக்கக் காய்ச்சிய எஃகுத் துண்டை அச்சில் இட்டு அடித்துருவாக்குவது. மற்றது, உருகிய எஃகை அச்சில் ஊற்றி வார்ப்பது. அடித்துருவாக்கியவை மென்மையான உணர்வைத் தருபவை என்ற நம்பிக்கை ஆட்டக்காரரிடையே வலுவானது. ஜப்பானிய நிறுவனங்களின் நன்மதிப்புக்கு இதுவே அடித்தளமாகும். 1906 இல் ஒசாகாவில் தொடங்கப்பட்ட மிசுனோ நிறுவனத்தின் மட்டைகள் ஹிரோசிமாவிலும், மியூரா நிறுவனத்தின் மட்டைகள் ஹிமேஜி நகரை ஒட்டிய பகுதியிலும் அடித்துருவாக்கப்படுகின்றன.

எனினும் இருவகை எஃகுகளின் அடர்த்தியும் மீள்தன்மையும் ஏறத்தாழ ஒன்றே. உணர்வில் தோன்றும் வேறுபாட்டுக்குத் தலையின் வடிவமும், தாக்குமிடத்துக்குப் பின்னால் உள்ள உலோகத்தின் தடிப்புமே பெருங்காரணங்கள் எனப் பொறியாளர்கள் விளக்குகின்றனர். மெல்லிய முகப்பும் குழிந்த பின்புறமும் பெரும்பாலும் வார்ப்பு மட்டைகளில் காணப்படுவதால், வடிவத்தின் விளைவு செய்முறையின் விளைவாகக் கருதப்படுகிறது. மென்மையான கார்பன் எஃகை வளைத்துச் சாய்வுக் கோணங்களை எளிதில் சரிசெய்யலாம் என்பது அடித்துருவாக்கிய மட்டைகளின் உண்மையான பயன்களுள் ஒன்றாகும்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள்

1986 மாஸ்டர்ஸ் போட்டியை 46 வயதில் வென்ற ஜாக் நிக்கலசு, மக்கிரெகர் நிறுவனத்தின் பெரிய தலை கொண்ட உருட்டு மட்டையைப் பயன்படுத்தினார். பலரும் கண்டு நகைத்த அம்மட்டைக்கு, வெற்றிக்குப் பின் ஆயிரக்கணக்கில் கோரிக்கைகள் குவிந்தன.

தொழில்முறைப் போட்டிகளில் யார் எந்த மட்டையை வைத்திருக்கிறார் என்பதை 1930களில் தோன்றிய டாரல் சர்வே நிறுவனம் எண்ணிப் பதிவு செய்து வந்துள்ளது. போட்டிகளில் முதலிடம் பெற்ற டிரைவர் என்பன போன்ற விளம்பரங்களுக்கு இத்தகைய எண்ணிக்கைகளே ஆதாரம். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களுள் பலர் பணம் பெற்றுக்கொண்டு ஒப்பந்தப்படி ஆடுபவர்கள். அவர்களது மட்டைகள் கடையில் கிடைப்பவற்றிலிருந்து தண்டிலும், சாய்விலும், சில வேளைகளில் தலையிலும் கூட வேறுபடக்கூடும்.

இதனால் ஒப்பந்தமின்றிப் பயன்படுத்தப்படும் மட்டைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. நைக்கி நிறுவனம் 2016 ஆகஸ்டில் மட்டை உற்பத்தியிலிருந்து விலகியபின், புரூக்ஸ் கெப்கா இரும்பு மட்டைகளுக்கு ஒப்பந்தம் எதுவும் இன்றி மிசுனோ மட்டைகளைத் தேர்ந்தார். அவற்றைக் கொண்டு 2017, 2018 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்க ஓப்பன் போட்டிகளை வென்றார். இவ்வெற்றிகள் பணம் கொடுத்துப் பெற்ற விளம்பரத்தைவிடக் கூடுதலான நம்பகத்தன்மையை மிசுனோவுக்கு அளித்தன.

வீரரின் புகழ் வணிகப்பெயருக்கு எப்போதும் முழுமையாக மாறுவதில்லை. டைகர் வுட்ஸ் நைக்கி மட்டைகளுடன் ஆடிய காலத்தில், 2003 இல், தாழ்ந்த கருவிகளை வைத்துக்கொண்டும் வெல்லும் அளவுக்கு அவர் திறமையானவர் என்ற பொருள்பட ஃபில் மிக்கல்சன் கூறியது பெரும் சர்ச்சையானது. உலகின் முன்னணி வீரர் பல ஆண்டுகள் பயன்படுத்தியும், நைக்கியைக் காலணி நிறுவனமாகவே கண்ட ஆட்டக்காரர் பலர் இருந்தனர்.

விலை

விலை உயர்ந்தது தரமானது என்னும் பொதுவான ஊகம் இத்துறையிலும் செயல்படுகிறது. ஜப்பானின் ஹோன்மா நிறுவனம் தன் மட்டைகளை விண்மீன் எண்ணிக்கையால் தரம் பிரித்து, உயர்ந்த வரிசையில் தங்கப் பூச்சும் சேர்த்தது. 2016 நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே, தேர்தலில் வென்றிருந்த டொனால்ட் டிரம்புக்கு அளித்த தங்கநிற டிரைவர் அந்நிறுவனத்தைச் சேர்ந்தது. அதன் விலை 3,700 டாலருக்கு மேல் எனச் செய்திகள் வெளியாயின. அதே நிறுவனம் 2005 இல் கடன் தாளாமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது என்பதும், பின்னர் சீன முதலீட்டாளர் வசமானது என்பதும் குறிப்பிடத்தக்கன. உயர்ந்த மதிப்பும் நிறுவனத்தின் நிதிநிலையும் ஒன்றல்ல.

இணைய நிறுவனமான கோ டாடியைத் தோற்றுவித்த பாப் பார்சன்ஸ், 2014 இல் பிஎக்ஸ்ஜி நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஓர் இரும்பு மட்டைக்கு மட்டும் ஏறத்தாழ 300 டாலர் விலை வைத்தார். உயர் விலையே அப்பெயரை விரைவில் அறியச் செய்தது. 2020க்குப் பின் அந்நிறுவனம் விலைகளைப் பெரிதும் குறைத்து நேரடி விற்பனையில் இறங்கியபோது, முன்பு முழுவிலை கொடுத்தவர்களின் மட்டைகள் மறுவிற்பனையில் மதிப்பிழந்தன.

தோற்றமும் சமூக மதிப்பும்

மெல்லிய, குழிவற்ற பின்புறம் கொண்ட கத்தி வடிவ இரும்பு மட்டைகள் திறமையானவர்களுக்கு உரியவை எனவும், அகன்ற அடியுடைய மட்டைகள் தொடக்க நிலையினருக்கு உரியவை எனவும் கருதப்படுகின்றன. பின்னவை பெரும்பாலோரின் ஆட்டத்துக்கு உதவுபவை. ஆயினும் பையில் அவை இருப்பதைக் குறைவாக நினைத்துத் தமக்குப் பொருந்தாத கத்தி வடிவ மட்டைகளை வாங்குவோர் உளர்.

உளவியல் ஆய்வுகள்

வணிகப்பெயரின் மீதான நம்பிக்கை ஆட்டத்தையே மாற்றக்கூடும் என்று சில ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில் 41 பேர் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினரிடம், கொடுக்கப்பட்ட உருட்டு மட்டை 2003 ஓப்பன் வெற்றியாளர் பென் கர்ட்டிஸ் பயன்படுத்தியது என்று கூறப்பட்டது. அவ்வாறு நம்பியவர்கள் குழியைப் பெரிதாக மதிப்பிட்டனர்; கூடுதலான பந்துகளைக் குழியில் வீழ்த்தவும் செய்தனர்.

நுகர்வோர் ஆய்விதழ் ஒன்றில் 2016 இல் வெளியான மற்றோர் ஆய்வில், தாம் பயன்படுத்தும் உருட்டு மட்டை நைக்கியின் தயாரிப்பு எனக் கூறப்பட்டவர்கள், அவ்வாறு கூறப்படாதவர்களைவிடக் குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் இட்டனர். அவர்கள் அவ்வெற்றிக்கு மட்டையைக் காரணமாகக் கூறாமல் தம் திறமையையே காரணமாகக் கருதினர். வணிகப்பெயரால் ஏற்படும் தன்னம்பிக்கை பதற்றத்தைக் குறைக்கிறது என ஆய்வாளர்கள் விளக்கினர். மருந்தற்ற மாத்திரையால் நோயாளி நலமடைவதாக உணரும் மருந்துப்போலி விளைவுக்கு இது ஒப்பானதாகும்.

இம்முடிவுகளை எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். பந்து அதிர்ஷ்டமானது என்று சொல்லிக் கொடுத்தால் கூடுதல் வெற்றி கிடைப்பதாக ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட முடிவு, 2014 இல் வெளியான மறு ஆய்வில் உறுதிப்படவில்லை. சிறிய குழுக்களிடம் செய்யப்படும் ஆய்வுகளில் இத்தகைய நிலை நேர்வதுண்டு.

விதிகளும் தரமும்

அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் ஆர் அண்டு ஏ அமைப்பும் மட்டைகளுக்கு வரம்புகளை விதித்துள்ளன. டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன செண்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முகப்பின் துள்ளும் தன்மைக்கும், நிலைமத் திருப்புத்திறனுக்கும், முகப்பில் உள்ள வரிப்பள்ளங்களின் அளவுக்கும் வரம்புகள் உண்டு. முன்னணி நிறுவனங்கள் யாவும் இவ்வரம்புகளை நெருங்கிவிட்டதால், நன்கு அடிக்கப்பட்ட பந்து செல்லும் தொலைவில் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இருக்க இயலாது. மீதமுள்ள வேறுபாடு தவறிய அடிகளிலும், ஒலியிலும், தோற்றத்திலும், பெயரிலுமே உள்ளது.

விதிகளோடு மோதிய நிறுவனங்களின் நன்மதிப்பு வெவ்வேறு விதமாக மாறியது. ஐ-2 மட்டைகளின் வரிப்பள்ளங்கள் தொடர்பாகப் பிங் நிறுவனம் அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தின் மீது தொடுத்த வழக்கு 1990 இலும், தொழில்முறைச் சங்கமான பிஜிஏ டூருடனான வழக்கு 1993 இலும் உடன்பாட்டில் முடிந்தன. தன் வடிவமைப்புக்காக இறுதிவரை போராடிய நிறுவனம் என்ற பெயரைப் பிங் பெற்றது. காலவே நிறுவனம் 2000 இல் அமெரிக்க விதிகளுக்கு ஒவ்வாத இஆர்சி-2 டிரைவரை அங்கு விற்றபோது, பொழுதுபோக்கு ஆட்டத்தில் அதனைப் பயன்படுத்தலாம் என்று ஆதரித்த ஆர்னால்ட் பாமர் கடும் கண்டனத்துக்கு உள்ளானார். மேலே குறிப்பிட்ட சதுரத் தலை டிரைவர்களுள் சில துள்ளல் வரம்பை மீறியிருந்தமையால் நைக்கி 2007 இல் அவற்றைத் திரும்பப் பெற்றது.

ஒரே ஆலையில் பல பெயர்கள்

வணிகப்பெயர்கள் பலவாக இருப்பினும் தலைகளை வார்க்கும் ஆலைகள் சிலவே. தைவானைச் சேர்ந்த ஃபூஷெங் போன்ற நிறுவனங்கள் தைவான், சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளில் உள்ள ஆலைகளில் பல முன்னணிப் பெயர்களுக்குத் தலைகளைச் செய்து தருகின்றன. ஜப்பானின் எண்டோ நிறுவனமும் பல பெயர்களுக்கு அடித்துருவாக்கித் தந்துள்ளது. தண்டுகளை ட்ரூ டெம்பர், ஃபுஜிகுரா, மிட்சுபிஷி முதலிய வேறு நிறுவனங்கள் செய்கின்றன. எனவே ஒரு வணிகப்பெயர் உண்மையில் வழங்குவது வடிவமைப்பு, ஏற்கத்தக்க துல்லியத்தின் எல்லை, சோதனை, விற்பனைக்குப் பிந்திய பொறுப்பு ஆகியவற்றையே. அதே ஆலையில் செய்யப்பட்டது என்று கூறி விற்கப்படும் மலிவு மட்டையில் இவை இல்லாமற் போகலாம்.

வடிவங்களும் ஒரு பெயருக்குள் அடங்கி நிற்பதில்லை. டைகர் வுட்ஸ் தமது 15 பெரும் போட்டி வெற்றிகளுள் 14ஐப் பெற்ற ஸ்காட்டி கேமரன் உருட்டு மட்டையின் வடிவம், பிங் ஆன்சர் மட்டையின் வழிவந்ததாகும். அவருக்காகச் செய்யப்பட்ட மாற்று மட்டை ஒன்று 2021 இல் 3,90,000 டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

நன்மதிப்பின் வீழ்ச்சி

நன்மதிப்பு உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். அது கரைய அவ்வளவு காலம் தேவைப்படுவதில்லை. ஒரு காலத்தில் முன்னணியில் இருந்த மக்கிரெகர், உரிமையாளர் பலரிடம் கைமாறி, 2009 இல் கோல்ஃப்ஸ்மித் என்னும் கடைத்தொடருக்கு விற்கப்பட்டது. 1992 மாஸ்டர்ஸ் போட்டியில் ஃபிரெட் கப்பிள்ஸ் லிங்க்ஸ் நிறுவனத்தின் இரும்பு மட்டைகளுடன் வென்றார். எனினும் அந்நிறுவனம் 1990களின் இறுதிக்குள் நொடித்துப் போய், பெயர் மட்டும் பிறர் கைக்கு மாறியது. பென் ஹோகன் பெயரும் இவ்வாறே பலரிடம் கைமாறியது.

வில்சன் நிறுவனத்தின் நிலை சற்று வேறானது. அதன் இரும்பு மட்டைகளுடன் வெல்லப்பட்ட பெரும் போட்டிகள் 60க்கும் மேல் என அந்நிறுவனம் கூறுகிறது. பாட்ரெய்க் ஹாரிங்டன் 2007, 2008 ஆண்டுகளில் பெற்ற மூன்று வெற்றிகளும், கேரி உட்லண்டின் 2019 அமெரிக்க ஓப்பன் வெற்றியும் இவற்றுள் அடங்கும். ஆனால் அதே பெயரில் மலிவான பெட்டித் தொகுதிகள் பல்பொருள் அங்காடிகளில் விற்கப்பட்டதால், பல ஆட்டக்காரர்கள் அதனைத் தொடக்க நிலைக்குரிய பெயராகவே அறிந்தனர்.

அடிக்கடி புதிய வகைகளை வெளியிடுவதும் நம்பிக்கையைக் குலைக்கும். 2013ஆம் ஆண்டையொட்டி டெய்லர்மேடு நிறுவனம் குறுகிய இடைவெளிகளில் பல டிரைவர்களை வெளியிட்டது. சில மாதங்களுக்கு முன் வாங்கிய மட்டை பாதி விலைக்கு விற்கப்படுவதைக் கண்டவர்கள், அடுத்த வெளியீட்டை முழுவிலைக்கு வாங்கத் தயங்கினர்.

போலி மட்டைகள்

நன்மதிப்பு உள்ள இடத்தில் போலியும் தோன்றும். காலவே, டெய்லர்மேடு, டைட்லிஸ்ட், பிங் முதலிய பெயர்களைத் தாங்கிய போலிகள் இணைய வழியாகப் பெருமளவில் விற்கப்படுகின்றன. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 2004 இல் இதற்கெதிராகக் கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைத்தனர். போலிகளில் டைட்டானியம் என்று கூறப்படுவது வேறு உலோகமாக இருக்கலாம். சாய்வுக் கோணங்கள் மட்டைக்கு மட்டை தாறுமாறாக வேறுபடலாம். தலை தண்டிலிருந்து கழன்று காயம் விளைவிக்கவும் கூடும். வாங்கியவர் போலி என அறியாவிடில், தம் ஆட்டம் கெட்டதற்கு உண்மையான நிறுவனத்தையே குறை கூறுவார்.

சோதனைகளும் மட்டை பொருத்தலும்

கோல்ஃப் டைஜஸ்ட் இதழ் 2004 முதல் ஆண்டுதோறும் மட்டைகளைத் தரப்படுத்தி வருகிறது. இத்தகைய இதழ்கள் உற்பத்தியாளர்களின் விளம்பரங்களையும் நம்பியிருப்பதால், அவற்றின் நடுநிலை குறித்துக் கேள்விகள் எழுவதுண்டு. பந்தின் வேகம், சுழற்சி, ஏவுகோணம் ஆகியவற்றை ரேடார் அல்லது ஒளிப்படக்கருவி கொண்டு அளக்கும் கருவிகள் பரவிய பின், பெயரைச் சாராத ஒப்பீடு எளிதாயிற்று.

உயரம், கை நீளம், வீச்சின் வேகம் ஆகியவற்றுக்கேற்ப மட்டையைத் தேர்வதே மட்டை பொருத்தல் எனப்படுகிறது. பிங் நிறுவனம் 1970களிலேயே இதற்கெனத் தலையில் வண்ணப் புள்ளியிடும் முறையை அறிமுகப்படுத்தியது. புகழ்பெற்ற பெயரைத் தாங்கிய பொருந்தாத மட்டையைவிட, பெயர் குறைந்த ஆனால் அளவுக்குப் பொருந்திய மட்டையே பயன் தரும் என்பது பொருத்துநர்களின் பொதுவான கருத்தாகும். வாங்க விரும்புவோர் பின்வருவனவற்றைக் கருதுவது நன்று.

* ஒவ்வொரு மட்டையாலும் பல பந்துகளை அடித்து, மிகச் சிறந்த அடியை அன்றிச் சராசரியையும் சிதறலையும் ஒப்பிடுதல்
* இயலுமாயின் வணிகப்பெயரை மறைத்து அடித்துப் பார்த்தல்
* ஓரிரு ஆண்டுகளுக்கு முந்தைய வகையின் விலையைப் புதியதன் விலையோடு ஒப்பிடுதல்
* பெரிதும் குறைந்த விலையில் கிடைக்கும் புதிய மட்டைகளை ஐயத்துடன் நோக்குதல்

இவற்றையும் பார்க்க

* குழிப்பந்தாட்டம்
* வணிகக்குறி
* மருந்துப்போலி விளைவு
* நிலைமத் திருப்புத்திறன்